கிழிசல் கட்டிய குற்றம்

"மூணு வருஷம் வரைக்கும் போடலாம்" என்று வக்கீல் பூவராகவன் சொன்னபோது பச்சையம்மாவுக்குச் சிரிப்புதான் வந்தது. கொலை பண்ணினாளா, கொள்ளை அடித்தாளா? கிழிந்த வலையைக் கட்டினாள். அதுக்கு மூணு வருஷமாம்!

"சிரிக்காதேம்மா. திருட்டுச் சொத்துன்னு தெரிஞ்சே வீட்ல வெச்சிருந்தேன்னு கேஸ். தண்டனைன்னு ஆயிட்டா வேலூர் ஜெயிலுக்கு அனுப்பிடுவா" என்றார் அவர். பொன்னேரி கோர்ட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் அவள் புருஷன் லோகநாதன் துண்டைப் பிழிந்து பிழிந்து கயிறாக்கிக்கொண்டிருந்தான். வழக்கில் அவன்தான் முதல் எதிரி, இவள் இரண்டாவது.

பழவேற்காட்டு ஏரியில் பாடு என்று ஒன்று உண்டு. எந்த இடத்தில் எந்தக் குடும்பம் எந்த நாள் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. முறை இல்லாதவன் போட்டால் வலையைப் பிடித்துவிடுவார்கள். ஊர்க்கூட்டத்துக்கு வந்து தப்பை ஒத்துக்கொண்டால் வலை திரும்பக் கிடைக்கும். அதோடு சரி, மனக்கசப்பு கிடையாது. போன மாசம் லோகநாதனுடைய முறையன்று, துளசிராமன் என்ற காண்ட்ராக்டர் கூலியாட்களை இறக்கி நைலான் வலையை விரித்துவிட்டான். லோகநாதன் பங்காளிகளோடு போய் அந்த வலையை இழுத்துவந்து வீட்டில் போட்டான். இழுத்த இழுப்பில் நாலைந்து இடம் கிழிந்துபோயிற்று.

பச்சையம்மா செய்த தப்பு அதற்கப்புறம்தான். பிடித்த வலையைக் கிழிசலோடு திருப்பிக் கொடுப்பது அந்த ஊரில் பெரிய கேவலம். வாங்கிப் போகிறவன் மறுநாளே தொழிலுக்குப் போக வேண்டாமா? அலசி, காயப்போட்டு, மூன்று நாள் முதுகு ஒடிய உட்கார்ந்து கண்ணி கண்ணியாகக் கட்டினாள். துளசிராமன் ஊர்க்கூட்டத்துக்கு வரவில்லை, போலீசோடு வந்தான். "அடுத்தவன் வலைக்கு எவளாவது கிழிசல் கட்டுவாளா? தனக்குன்னு வெச்சிக்கத்தானே கட்டியிருக்கா!" என்றார் ஏட்டு. அது அப்படியே காகிதத்திலும் ஏறிவிட்டது. நல்லது செய்த கைக்கு விலங்கு!

பூவராகவன் குரலைத் தாழ்த்தினார். "துளசிராமன் சொல்லி அனுப்பியிருக்கான். குத்தத்தை ஒத்துண்டுட்டா அவன் மேற்கொண்டு வற்புறுத்தமாட்டானாம், கோர்ட்டுல முதல் தடவைன்னு எச்சரிச்சு விட்டுடுவா. சாயங்காலத்துக்குள்ள ஊர் போய்ச் சேர்ந்துடலாம்."

"ஒத்துக்கலாம் பச்ச" என்றான் லோகநாதன். "நான் உள்ள போனாக்கூட பரவால்ல. நீயும் போயிட்டா புள்ளைங்கள யாரு பாத்துப்பாங்க? இந்தப் பேஜாரே வாணாம்."

அவளுக்குப் பயம் இல்லையா என்றால், இருந்தது. மூணு வருஷத்தில் சின்னவள் அம்மா முகத்தையே மறந்துபோவாள். ஆனால் பயத்துக்கு மேலே கோபம் ஏறிக்கொண்டு நின்றது.

"ஒத்துக்கினா இன்னா அர்த்தம்யா? அவன் போட்டது நாயம், நாம புடிச்சது திருட்டு. அப்புறம் பாடாவது ஒண்ணாவது! ஏரி பூரா அவன் வலதான் கெடக்கும். நீ இன்னாத்த வாரிக்கினு வந்து புள்ளைங்களுக்குப் போடுவ?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

உள்ளே கூப்பிட்டார்கள். குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டதும் லோகநாதன் அவள் பக்கம் திரும்பினான். பச்சையம்மா அவனையே முறைத்துப் பார்த்தாள். "இல்ல சாமி" என்றான் ஒருவழியாக.

"நீ என்னம்மா சொல்றே?"

"திருடல சாமி. புடிச்சோம். எங்க பாட்டுல பூந்தான், புடிச்சோம். கிழிசல் கட்டினதும் நான்தான். இன்னொரு வாட்டி பூந்தான்னா இன்னொரு வாட்டி புடிப்போம், அதையும் கட்டிதான் வெப்பேன்."

பூவராகவன் தலையில் கை வைத்துக்கொண்டார். மாஜிஸ்திரேட் காலண்டரைப் பார்த்து, விசாரணை அடுத்த வெள்ளிக்கிழமை என்றார்.

"அன்னிக்கி வர முடியாது சாமி."

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. "ஏம்மா, இது கோர்ட்டு, உங்க ஊட்டுக் கல்யாணமா?" என்று சேவகன் அதட்டினான்.

"அன்னிக்கி எங்க பாடு. உட்டா மறுபடி முற வர நாளாவும். வேற நாள் போடுங்க."

துளசிராமன் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தான். "ஐயா, பாடு கீடுன்னு சட்டத்துல ஒண்ணும் கிடையாதுங்க!"

"இருக்கா இல்லையான்னு நான் விசாரிச்சுப் பாத்துக்கறேன். நீங்க உட்காருங்க" என்றார் மாஜிஸ்திரேட். அவளைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு குமாஸ்தா பக்கம் திரும்பினார். "அதுக்கு அடுத்த வெள்ளி போடுய்யா. எதிரிகளுக்கு இந்த வெள்ளியன்று ஏரியில் பாடு முறை இருப்பதாகச் சொல்வதால் தள்ளிவைக்கப்படுகிறது. எழுது."

"எய்தினத ஒரு தபா படிச்சிக் காட்டச் சொல்லுங்க சாமி" என்றாள் பச்சையம்மா. குமாஸ்தா பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார்.

வெளியே வந்ததும் பூவராகவன் கையை உதறினார். "ஜெயிச்சுட்டோம்னு நினைச்சுக்காதேம்மா. நீ பேசின பேச்சுக்கு மூணு வருஷம் அப்படியேதான் நிக்கறது."

"நிக்கட்டும் வக்கீலய்யா. உள்ளதான் போடுவாங்களா, போடட்டும். எங்க பாடு சர்க்காரு காயிதத்துல ஏறிடுச்சி. அவன் வந்து அழிக்கட்டும் பாப்போம்."

சொல்லிவிட்டு லோகநாதன் பக்கம் திரும்பினாள். "இன்னாய்யா நின்னுக்கினு கீற? பஸ்ஸு வந்துடும், வா. வெள்ளிக்கிழமைக்கு நம்ம வலைய ரெடி பண்ணணும்."