ஏ.சி. அறையில் அளந்த காற்று

காலை ஆறு மணிக்கே பி.டி. மாஸ்டரின் செல்போன் சொல்லிவிட்டது: இன்று காற்று மாசு அளவு நூற்றெண்பது, சிவப்பு. இளைப்பு உள்ளவர்கள், குழந்தைகள், வயதானவர்கள் வெளியே ஓடியாட வேண்டாம். மதியத்துக்கு மேல் காற்று வீசும், தொண்ணூறுக்கு இறங்கும்.

எட்டு மணிக்குப் பள்ளி விளையாட்டு விழா. எண்ணூறு மீட்டரில் அவர் மகள் ஓடுகிறாள். போன வருடம் இதே போன்றதொரு காலையில் ஓடிவிட்டு இளைப்பு வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். ஓடாதே என்றால் கேட்கிற ரகமும் இல்லை.

எண் நூற்றைம்பதைத் தாண்டினால் மைதானத்தில் யாரும் ஓடக் கூடாது என்பது பள்ளி விதி. அதற்காகவே வாசல் தூணில் காற்று மாசை அளக்கும் ஒரு மீட்டர் மாட்டியிருந்தார்கள். மாஸ்டர் போய்ப் பார்த்தபோது ஆணி மட்டும் இருந்தது.

மீட்டர் ஹெட்மாஸ்டரின் ஏ.சி. அறையில், காற்றைச் சுத்தம் செய்யும் மெஷினுக்குப் பக்கத்தில், செல்லப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. முப்பத்தெட்டு. பச்சை.

"பாத்தீங்களா மாஸ்டர்? வெளியில வெச்சா தூசி பட்டு கண்டபடி காட்டுது. இங்க எவ்வளவு அடக்கமா இருக்கு!"

"சார், பசங்க ஓடப்போறது இந்த ரூம்ல இல்லையே. மூணு மணிக்கு மாத்திடலாம். காத்து வந்துடும்."

"யாரு சொன்னா? அந்த போனா? போன வாரம் மழைன்னுச்சு, பேஞ்சுதா? மூணு மணிக்கு சிறப்பு விருந்தினர் தூங்குற நேரம்யா!"

 மாஸ்டர் பவ்யமாகச் சொன்னார்: "நீங்களே காத்து சுத்தம்னு சொன்னப்புறம் நான் யாரு சார்? தீப்பந்தம் ஏந்தி முதல் ரவுண்டு நீங்களே ஓடிடுங்க. நானூறு மீட்டர்தான். பெத்தவங்களுக்கும் தைரியம் வரும்."

பதில் வருவதற்குள் வெளியே போய் மைக்கில் அறிவித்தும் விட்டார். பெற்றோர் கைதட்டினார்கள். இனி ஹெட்மாஸ்டர் பின்வாங்கினால் மானம் போகும்.

வெள்ளை ஷூவும் பந்தமுமாக அவர் கிளம்பினார். எதிர்ப்பக்கக் கோல் கம்பம் சாம்பல் மூட்டத்தில் கண்ணுக்கே தெரியவில்லை. ஐம்பதாவது மீட்டரில் இருமல். எழுபதில் பந்தத்தை மாஸ்டர் கையில் திணித்துவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வயசானவங்க ஓடக் கூடாதுன்னு... உன் போன்ல போட்டிருக்காமே... ஏன்யா சொல்லல?"

"உங்களை வயசானவர்னு எப்படி சார் சொல்றது?"

மூச்சு திரும்பியதும் ஹெட்மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். "மாணவர்களே, முன்னறிவிப்பை மதிக்கக் கத்துக்கணும். விழா மூணு மணிக்கு!" ஏதோ அவரே கண்டுபிடித்தது போல.

மூன்று மணிக்கு மீட்டர் மறுபடியும் ஆணியில் தொங்கியது. எண்பத்தெட்டு, மஞ்சள். மகள் முன்னதாகவே இன்ஹேலர் எடுத்துக்கொண்டு ஓடி, மூன்றாவதாக வந்தாள். மாஸ்டர் ஓடிப்போய் அவள் முதுகில் காது வைத்துக் கேட்டார். வேகமான மூச்சுதான், இளைப்பு இல்லை.

"விடுப்பா, எல்லாரும் பாக்கறாங்க!"

மேடையில் இருந்தவர் பார்க்கவில்லை. சிறப்பு விருந்தினர் மாலையோடு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.