இரண்டாம் முழுக்கு

"ஐயா, ரட்சிக்கப்பட்ட தேதி சொல்லுங்க" என்று பாஸ்டர் காலேப் கேட்டபோது நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மாடி ஹாலில் நடக்கிற சபை அது. மொட்டைமாடியில் தொட்டி கட்டி நீல டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு அறுபத்துமூன்று வயது. பிறந்த இருபதாம் நாளே சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றி சவுரிமுத்து என்று பெயர் வைத்தாயிற்று. கத்தோலிக்கனுக்கு ஞானஸ்நானம் ஒரே தடவைதான். எங்கள் பங்குச் சாமியாருக்குத் தெரிந்தால் காதைத் திருகிவிடுவார்.

எல்லாம் என் மனைவி பியூலாவுக்காக. அவள் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவள். சொர்க்கம் போக விசுவாசம் போதும், மற்றது கிருபை என்பார் அவள் அப்பா. கத்தோலிக்கர்களான எங்களுக்கோ அது ஆயுசுக்கும் தீராத வேலை. பாவம் செய்வது, சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்வது, திங்கட்கிழமை மறுபடி ஆரம்பிப்பது, மிஞ்சிய அழுக்கைச் செத்தபிறகு உத்தரிக்கிற ஸ்தலத்தில் கழுவிக்கொள்வது. பன்னிரண்டு வருடம் முன் பியூலா இந்தப் பெந்தெகொஸ்தே சபைக்கு வந்தாள். அறிக்கையிட்டு முழுகி எழுந்தால்தான் சொர்க்கத்தின் கதவு திறக்கும் என்றாகிவிட்டது. போன மாதம் எனக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். வீடு திரும்பிய அன்று சோறு பரிமாறிக்கொண்டே அழுதாள்.

"நீங்க முன்னாடி போய்ட்டீங்கன்னா, நான் அங்க வந்து உங்கள எங்கன்னு தேடுவேன்?"

முப்பத்தாறு வருடத்தில் என்மேல் வைத்த ஆசையை அவள் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதில்லை. மறுநாளே சரி என்றுவிட்டேன்.

"தேதியெல்லாம் இல்ல பாஸ்டர். தெனம் காலைல கொஞ்சம் ஆவுது, சாயங்காலம் கெட்டுப்போவுது" என்றேன். யாரோ சிரித்தார்கள். காலேப் நல்ல மனிதர். "இன்னிக்கித் தேதியே போட்டுக்கலாம்யா" என்று என் மூக்கைப் பொத்திப் பின்பக்கமாகச் சாய்த்தார். காதுக்குள் தண்ணீர் புகுந்தது. பயமாகவும் இருந்தது, சுகமாகவும் இருந்தது. அல்லேலூயா சத்தத்துக்கும் கைதட்டலுக்கும் நடுவே மேலே வந்தேன். வந்த வேகத்தில் என் வலது கை தானாக நெற்றிக்குப் போயிற்று. நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள் என்று கத்தோலிக்கச் சிலுவை போட்டுவிட்டது. அறுபது வருடப் பழக்கம், சொன்னால் கேட்குமா? கைதட்டல் பாதியில் நின்றது.

"ஐயா... இன்னொருவாட்டி முழுகிடலாமா?" என்றார் காலேப்.

எனக்கு மானமே போயிற்று. அவளுக்காக ஒரே ஒரு காரியம் செய்ய வந்து அதையும் கெடுத்துவிட்டேனே என்று பியூலாவைப் பார்த்தேன். புடவைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். பாவி, சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் பாஸ்டர். ஸ்டென்ட் வெச்ச ஒடம்பு, சளி புடிச்சுக்கும்" என்றாள்.

மாற்றுத்துணி எடுத்துவர இருவருமே மறந்திருந்தோம். ஸ்கூட்டரில் திரும்பும்போது செம்பாக்கம் ஏரிப் பக்கம் காற்று பலமாக அடித்தது.

"இது செல்லுமா பியூலா? இப்ப ரெண்டு பேரும் ஒரே எடந்தானா?"

எதைக் கேட்டாலும் பைபிள் வசன எண்ணோடு பதில் சொல்கிறவள் அவள்.

"தெரியலங்க" என்றாள்.

பன்னிரண்டு வருடத்தில் சொர்க்கத்தைப் பற்றி அவள் தெரியாது என்று சொன்னது அன்றைக்குத்தான். சொல்லிவிட்டு, ஈரம் ஏறுமே என்றும் பாராமல் என் முதுகில் கன்னத்தை வைத்துச் சாய்ந்துகொண்டாள். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, ஒதுங்கித் தாண்டிப் போனான். நான் வேகத்தைக் கூட்டவில்லை.