ஏறும் தண்ணீரில் கரைத்தது

1

இந்தக் கதை ஒரு நாற்றத்தில் தொடங்கியது. எங்கள் தீவில், ஜார்ஜ் டவுனில் நான் வேலைக்குப் போகும் வழியில் ஆற்றின்மேல் ஒரு பாலம். கடல் வற்றும்போது அதன் கீழே சதுப்பு கறுப்பாகத் தெரியும். எண்ணெய், பிளாஸ்டிக், மேலே வீடு கட்டுமிடங்களிலிருந்து வந்த மண் எல்லாம் சேர்ந்து ஆறு மேடாகிக்கொண்டே வருகிறது.

(கட்டுரையாக எழுதினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். அதனால் இரண்டு பேரை உண்டாக்கினேன்.)

2

முதல் தொடக்கம்: மீன்கள் செத்து மிதந்த அந்தக் காலையில்

(விட்டுவிட்டேன். நான் பார்த்தது ஒரே ஒரு மீன்.)

இரண்டாவது: தேவகுமார் ஆற்றில் சேறு வாரும் வேலைக்குப் பொறுப்பாளன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் அஸ்தியை அவனும் அக்கா தாட்சாயினியும் இங்கேதான் கரைத்தார்கள். வந்தபோது தண்ணீர் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ராகு காலம் முடியட்டும் என்று காத்திருந்தார்கள். முடிவதற்குள் கடல் ஏறத் தொடங்கிவிட்டது. தூவிய பூ திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. அஸ்தி ஆற்று வளைவின் மூலையில் சதுப்புக்குள் போய்ப் படிந்தது.

(பஞ்சாங்கத்தைப் பார்த்தவர்கள் ஆற்றைப் பார்க்கவில்லை. நம் ஆட்கள்தான் இப்படிச் செய்வார்கள்.)

3

திங்கட்கிழமை இயந்திரம் அந்த வளைவுக்கு வருகிறது. வாரும் சேறு குப்பைமேட்டுக்குப் போகும்.

"அந்த மூலைய மட்டும் விட்டுருடா தம்பி. அம்மாவ குப்பையில கொட்டுவியா?"

"அங்கதான்க்கா அடைச்சிருக்கு. விட்டா மழைக்கு எல்லார் வீட்டுலயும் பாஞ்சிர் வெள்ளம் வந்துரும்லா. அம்மாவுக்குக் கஞ்சி கொண்டாந்தாங்களே பக்கத்து வீட்டு சலேஹா மாக்சிக், போன தடவ அவங்க கட்டில் வரைக்கும் தண்ணி."

"தெரியும். தெரிஞ்சுதான் கேக்குறேன்."

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரை அவள்மேல் எனக்கு எரிச்சல் இருந்தது. இப்போது பாவமாக இருக்கிறது.

4

முடிவு ஒன்று: மூலையை விட்டுவிடுகிறான். (சலேஹாவின் கட்டிலை யார் தூக்குவது? அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: வாரிவிடுகிறான், அக்கா அவனோடு பேசுவதில்லை. (நடக்கக்கூடியது. எழுதப் பிடிக்கவில்லை.)

மூன்றாவது இன்னும் முடியவில்லை. வாருவதற்கு முன் அந்த மூலையிலிருந்து ஒரு வாளி சேற்றை, மறுபடி கரைக்க, அக்காவிடம் கொடுக்கிறான். அதில் அம்மா எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று கேட்காதீர்கள், அவளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை. தாட்சாயினி வாளியோடு கரையில் நிற்கிறாள். தண்ணீர் கடலுக்கு ஓடுகிறது, இன்னும் கொஞ்ச நேரம்தான். கைப்பேசியில் மணி பார்க்கிறாள்.

"தம்பி, இப்ப ராகு காலம்டா."

அவன் தண்ணீரைப் பார்க்கிறான். இதற்குமேல் எனக்கும் தெரியவில்லை. வாளி கனம், அவள் அதை இன்னும் கீழே வைக்கவில்லை. உங்கள் அம்மாவாக இருந்தால் என்ன செய்வீர்களோ, அதை அவளிடம் சொல்லுங்கள். தண்ணீர் திரும்புவதற்குள் சொல்லுங்கள்.