ஆலை தந்த ஜேசன்

எண்ணூரில் ரசாயன ஆலையை ஒட்டிய குப்பத்தில் ஜூடியின் அக்கா ரோசி குடியிருக்கிறாள். ரோசியின் பிள்ளைக்கு இழுப்பு. அமோனியா வாடை கிளம்பினால் முதலில் மூச்சு முட்டுவது அதற்குத்தான். அதனால்தான் குப்பத்துக்குச் சைரன் வைக்கும் வேலையை ஜூடி வலியப் போய் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஆலையின் வாயுமானி காட்டும் எண் இணையம் வழியாக அவளுடைய புரோகிராமுக்கு வர வேண்டும். எண் எல்லை தாண்டினால் சைரன் தானே ஊதும்.

எப்படி அனுப்புவது என்று ஆலை அதிகாரி வெள்ளத்துரை போனில் கேட்டார்.

"ஜேசன்ல குடுங்க சார்," என்றாள். கம்ப்யூட்டர் படிக்கிற மாதிரி தகவலை எழுதும் முறைக்கு அதுதான் பெயர்.

ஆலையில் ஜேசனிடம் கொடுத்துவிட்டார்கள். டைம் ஆபீஸில் ஒரு ஜேசன் இருந்தான், ராயபுரத்துப் பையன். அந்தப் புண்ணியவான் எண்ணைத் தாளில் எழுதி, சீல் குத்தி, போட்டோ பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தான். ஜூடி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தது அதோடு சரி.

நேரில் போய் விளக்கினாள். வெள்ளத்துரைக்குப் புரிந்தது, நன்றாகவே புரிந்தது.

"அப்போ படமா வந்தா சைரன் ஊதாதாம்மா?"

"ஊதாது சார்."

"படமே இருக்கட்டும். சீலோட பாக்க லட்சணமா இருக்கு."

தெரியாமல் நடந்த தப்பைத் தெரிந்தே வைத்துக்கொள்கிற அவருடைய சிரிப்பைப் பார்க்கவே ஜூடிக்குக் கூசியது. அவர் நீட்டிய டீயைத் தொடாமல் வந்துவிட்டாள். படத்திலிருந்தே எண்ணைப் படிக்கும் புரோகிராம் எழுதிப் பார்த்தாள். அது எப்படியோ ஆலைக்குத் தெரிந்து, அதற்குப் பிறகு சீல் சரியாக எண்ணின் மேலேயே விழத் தொடங்கியது. என்ன ஜென்மங்களோ.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் மாதா கோயில் வாசலில் நிற்கும்போது ரோசி போனில் கூப்பிட்டாள்.

"இன்னாடி, கண்ணெல்லாம் எரியுது. புள்ளைக்கு இழுத்துகினு கீது. உன் சைரன் இன்னா தூங்குதா?"

"வூட்ல நிக்காதக்கா. புள்ளையத் தூக்கிகினு ஆஸ்பத்திரிக்கு ஓடு."

ஆலையிலிருந்து வந்திருந்த படத்தைத் திறந்தாள். ஊதா மைக்கு அடியில் ஜேசனின் முத்துமுத்தான கையெழுத்து. எல்லையைப் போல மூன்று மடங்கு எண். வாடை கிளம்புவதற்கு முன்பே வந்து சும்மா கிடந்திருக்கிறது.

வெள்ளத்துரைக்குப் போன் போட்டாள்.

"நாங்க டயத்துக்குக் குடுத்துட்டோமேம்மா," என்றார் அவர் நிதானமாக. "நீங்க கேட்டபடி ஜேசன்தானே குடுத்தான்."