விளக்கவுரையில் இல்லாத வரி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் காலை வேலை முடித்து வந்தவள் இன்னும் உட்காரக்கூட இல்லை, அதற்குள் கணவர் குரல் கொடுத்தார்.

"வேதத்த எடுக்கலாமா?"

"வேண்டாம்னா விடவா போறீங்க?"

பேருந்து ஓட்டியவர். சர்க்கரை நோய் கண்ணை வாங்கிக்கொண்ட பிறகு பிற்பகல் இரண்டு மணி வாசிப்புதான் அவருக்கு வண்டி கிளம்பும் நேரம். வேதப்பகுதியை அவள் இரண்டு தரம் படிக்க வேண்டும். கொஞ்சம் மௌனம். பிறகு ஆதித் திருச்சபைப் பிதாக்களின் விளக்கவுரை. அதில் மனதில் தைத்த வரியைப் பிடித்துக்கொண்டு ஜெபம். விளக்கவுரை தலையணை கனம், எழுத்தோ எறும்பு.

அன்று, கடவுளிடம் சாவு கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட தீர்க்கதரிசியின் பகுதி. தணலில் சுட்ட அடையைக் காட்டித் தூதன் அவனை எழுப்புகிறான். இரண்டு தரம் படித்தாள். மௌனத்தில் தூங்கியே போனாள்.

"விளக்கம்?"

திடுக்கிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். எழுத்துகள் நீந்தின.

"பிதா என்ன சொல்றார்னா... தீர்க்கதரிசி அலுத்துப் படுத்துட்டான், சரி. அவனுக்கு அடை சுட்ட தூதனுக்கும் அலுப்பா இருந்திருக்கும். அத யாரும் எழுதி வைக்கல."

அவர் நிமிர்ந்தார். "இத்தன வருஷத்துல இப்படி ஒண்ணு கேட்டதில்ல. ஞாயித்துக்கிழமை வேதக் கூட்டத்துல இதத்தான் சொல்லப் போறேன். எந்தப் பக்கம்?"

போதகரிடமும் இதே புத்தகம் உண்டு. அங்கேயே புரட்டிப் பார்ப்பார். கண் போனவர் இல்லாததைச் சொல்கிறார் என்று நாலு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

"அது புத்தகத்துல இல்லீங்க. நான் சொன்னது."

"இன்னிக்கு மட்டுமா?"

"மூணு வாரமா. படிக்கத் தெம்பு இல்ல. வசனத்துல கை வைக்கல, விளக்கத்துல மட்டும்தான்."

"பெரிய தயவு. போன வாரம் வேதத்துல வந்த கிணத்தடிப் பொண்ணப் பத்திச் சொன்னது?"

"அதுவும்தான்."

"அத வச்சு நாலு நாள் ஜெபிச்சேன்."

"தெரியும். பக்கத்துலதான இருந்தேன்."

"கேட்டுக்கிட்டே இருந்திருக்க."

"கோவமா?"

"கோவம்தான். எனக்கு எழுத்துன்னா உன் வாய்தான். அதுலயே கலந்தா நான் எங்க போய்ச் சரிபார்ப்பேன்?"

அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அன்றைய பகுதிக்கான விளக்கம் மூன்று பக்கத்தையும் விரல் வைத்து உரக்கப் படித்தாள். நாற்பது நாள் நடை, ஆத்துமாவின் பசி, வானத்து அப்பம்.

"தூதன் அலுப்பப் பத்தி?"

"ஒரு வார்த்தை இல்ல."

"அந்தப் பிதா அடுப்படிப் பக்கம் போயிருக்க மாட்டார்." சிரிக்காமல்தான் சொன்னார். "ஞாயித்துக்கிழமை நீயே வந்து சொல்லு. நீ சொன்னதாவே."

"ஞாயித்துக்கிழமையும் எனக்கு வேலைங்க."

"அப்ப நமக்குள்ளயே இருக்கட்டும். இனிமே முடியலன்னா முடியலன்னு சொல்லு. வசனத்தோட நிறுத்திக்கலாம்."

"சரி."

"ஜெபத்த இன்னிக்கு நீ ஆரம்பி."

"ஆண்டவரே" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. அவர் காத்திருந்தார். அவள் மூச்சு சீராகி, தலை சுவரில் சாய்ந்தது.

"ஆமென்" என்றார், தாழ்ந்த குரலில்.