படத்தில் போகிறாள்

தொண்ணூற்றொரு வாரம் பத்திரிகையில் வந்த படக்கதைத் தொடர் அது. வாரத்துக்கு இரண்டு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு கட்டம். கதை எழுதியவர் பெயர் பெரிதாக அச்சாகியிருக்கும். படம் வரைந்தவர் பெயர் போட்டுக்கொள்வதில்லை. கடைசிக் கட்டத்தின் மூலையில் ஒரு சின்ன மீன் வரைந்திருப்பார், அவ்வளவுதான்.

கடல் வற்றிப்போன ஒரு நாடு. அந்தக் கடல் ஒரு வெண்கலச் சங்குக்குள் அடைபட்டிருக்கிறது. தாழை என்ற பெண் சங்கைப் படகில் வைத்துக்கொண்டு ஏழாம் தீவுக்குப் புறப்படுகிறாள். சங்கிலிருந்து கசிகிற தண்ணீர் படகு போகும் வழியில் மட்டும் அலையாக விரியும். அங்கே கொண்டுபோய்த் திறந்தால் கடல் திரும்பிவிடும், ஆனால் திறந்தவள் கரைக்குத் திரும்ப முடியாது. அவளுக்குத் துணையாக உப்பால் ஆன புலி ஒன்று வரும். நாற்பதாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. சங்கில் மழைநீர் பட்டால் கடல் செத்துவிடும் என்பதால் புலி அதன்மேல் கவிழ்ந்து படுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கடைசிக் கட்டத்தில் ஒரு கண் மட்டும் மிச்சம் இருந்தது. அன்று வீடு இருக்கும் நெரவி வரை சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே போனேன்.

எனக்குத் திருமலைராயன்பட்டினத்தில் எழுத்தர் வேலை. வியாழக்கிழமை மாலை ஐந்து மணி பேருந்தில் பத்திரிகைக் கட்டு வரும். ஒன்றை வாங்கி, சுப்ராயன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பிரிப்பேன். மூன்றாவது வாரம் பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "இத வரஞ்சவன் கடலுக்குப் போனவன் சார்," என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"பாய் காத்த எப்படி வாங்கியிருக்கு பாருங்க. அலையும் அதுக்கு ஒத்தாப்ல சாயுது."

அவர்தான் ஐயனார். விசைப்படகு வாங்காமல் இன்னும் பாய்மரத்திலேயே கடலுக்குப் போகிறவர். எழுத்துத் தெரியாது. நான் மெதுவாகப் படிப்பேன், அவர் படத்தைப் பார்ப்பார். முடிந்ததும் இரண்டு பேரும் பேசாமல் இருப்போம். சில வாரம் விளக்கு வைக்கும் வரைக்கும் அப்படியே இருந்திருக்கிறோம். எனக்கு அந்த மௌனம் பிடித்திருந்தது. வீட்டில் நான் பேசாவிட்டால் மனைவி கமலாம்பாள் உடம்புக்கு என்ன என்று கேட்பாள். ஐயனார் எதுவும் கேட்கமாட்டார்.

ஆனால் எங்களுக்கு வேறு பேச்சே கிடையாது. அவர் வீடு எந்தத் தெரு என்றுகூட எனக்குத் தெரியாது. வயல்காட்டு ஊர்க்காரனுக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் நடுவில் இருந்ததெல்லாம் அந்த இரண்டு பக்கம்தான். எண்பதாவது வாரத்துக்கு மேல், முடிவு நெருங்குகிறது என்று தெரிந்தபோது, தாழையை நினைத்தும் கவலையாக இருந்தது, பெஞ்சை நினைத்தும் கவலையாக இருந்தது.

கடைசி வாரம் வந்தது. ஏழாம் தீவு தூரத்தில் தெரிகிறது. அடுத்த கட்டத்தில் ராஜகுருவின் ஓலை பருந்து மூலம் வருகிறது. அரண்மனையிலேயே மந்திரம் கிடைத்துவிட்டதாம், சங்கை அங்கேயே திறக்கலாமாம், இளவரசர் மாலையோடு காத்திருக்கிறாராம். கடைசிக் கட்டத்தில் கோட்டை, துறைமுகம், படகு. கீழே, 'தாழை மணமகளாய்க் கரை வந்தாள். சுபம்.'

படித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் புலி எதற்காகக் கரைந்தது என்று யாரிடம் கேட்பது?

சுப்ராயன் டீயை ஆற்றிக்கொண்டே பார்த்தார். "ஊரான் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. அதுக்குப் போயி ரெண்டு பேரும் எழவு வூடு மாதிரி ஒக்காந்திருக்கீங்க."

"நீ சும்மா இருய்யா," என்றார் ஐயனார். பத்திரிகையை வாங்கி மேற்கு வெளிச்சத்துக்குத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். டீயில் ஆடை படிந்துவிட்டது.

"கீழ என்ன போட்டிருக்குன்னு சொன்னீங்க?"

"கரை வந்தாள்னு."

"வரல சார். போறா."

நான் பத்திரிகைப் பக்கம் குனிந்தேன்.

"கோட்டைக் கொடியப் பாருங்க. கடலப் பாத்துப் பறக்குது. கரையிலேர்ந்து அடிக்கிற கரைக்காத்து. பாயும் அந்தப் பக்கமே பொடச்சிருக்கு. கரைக்காத்துல பாய விரிச்சா படகு வெளியதான் போவும். உள்ள வர்றதா இருந்தா பாய இறக்கிட்டுத் துடுப்புல வரணும்."

அவள் படகு இரண்டு முனையும் ஒரே மாதிரி கூராக இருக்கும். எது முன், எது பின் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வாசகத்தைப் படித்ததால் வருகிறது என்று நான் நினைத்துவிட்டேன்.

"அவசரத்துல வரைஞ்சிருப்பாரோ?"

"தொண்ணூறு வாரமாக் காத்துல தப்புப் பண்ணாதவரு, கடைசி வாரம் மட்டும் பண்ணுவாரா? எழுத்துல வர்றா. படத்துல போறா. நீங்க எத நம்புவீங்களோ நம்பிக்குங்க."

எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் வருவீர்களா என்று கேட்டிருக்கலாம். எதற்கு வரவேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று கேட்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அந்தப் படத்தை எடுத்து எடுத்துப் பார்த்தேன். கதையை இப்படி முடி என்று யாரோ எழுதியவரிடம் சொல்லியிருக்கலாம், அல்லது அவருக்கே அலுத்துப்போயிருக்கலாம். ஆனால் வரைந்தவர் அவளைக் கரைக்கு விடவில்லை. ஒரு கொடியும் ஒரு பாயும் போதும் என்று இருந்துவிட்டார். யாருக்காவது தெரியும் என்று நம்பித்தானே வரைந்திருப்பார். எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியவில்லை. அவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். என்ன பெயர் போட்டு அனுப்புவது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. அந்த இரண்டு பக்கத்தில் ஒரு துப்பறியும் கதை தொடங்கியிருந்தது. மூலையில் மீன் இல்லை. பெஞ்சில் என் பக்கத்தில் யாரும் இல்லை. ஐந்தே முக்காலுக்குச் சுப்ராயன், "இன்னிக்கு ஒரு டீதானா?" என்று கேட்டார். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். காரைக்கால் பேருந்து ஒன்று வந்து நின்று போனது.

பேருந்து கிளப்பிய புழுதி அடங்கியபோது எதிர்ப்பக்கத்தில் ஐயனார் நின்றுகொண்டிருந்தார். சாலையைக் கடந்து வந்து உட்கார்ந்தார்.

"கதை இல்லைங்க இன்னிக்கு," என்றேன்.

"தெரியும். போறா, சரி. எந்தப் பக்கம் போறான்னு வாரம் பூரா யோசிச்சேன். தீவு எந்தத் திக்குன்னு முன்னாடி எங்கியோ வரஞ்சிருப்பாரு. பழசெல்லாம் வச்சிருக்கீங்களா, கிழிச்சுப் போட்டுட்டீங்களா?"

துணிப்பையை மடியில் எடுத்து வைத்தேன். தொண்ணூற்றொரு வாரமும் அதில் இருந்தன. காலையில் எதற்கு எடுத்து வருகிறோம் என்று தெரியாமல்தான் எடுத்து வந்திருந்தேன்.

முதல் வாரத்தை எடுத்து விரித்தேன். வற்றிய கடலில் தாழை தனியாக நின்றுகொண்டிருந்தாள். ஐயனார் அவளைப் பார்க்கவில்லை. தூரத்தில் ஒரு குடிசையின் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சுப்ராயன் இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார். நான் படிக்கத் தொடங்கவில்லை. ஐயனார் பார்த்து முடிக்கட்டும் என்று இருந்தேன்.