சாப்பாட்டு நேரத்தில் வீடு பார்த்தவர்கள்

"சாப்பாட்டு நேரமா பாத்துப் போகணும்க்கா. எல்லாரும் வீட்ல இருப்பாங்க. வெக்கத்துலயே சீக்கிரம் விலைக்குப் படிஞ்சிடுவாங்க" என்று புரோக்கர் மாடிப்படியிலேயே தன் தொழில் ரகசியத்தை அவிழ்த்துவிட்டான். வீடு வாங்கப் புருஷனோடு வந்திருந்த தையல்காரிக்கு அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு வேலை போனதிலிருந்து இவன் மட்டும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தான்.

வாடகை வீடுகளில் மூட்டை கட்டிக் கட்டியே அவள் இளமை போயிருந்தது. தனக்கென்று ஒரு கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் ஆசை. விலை விழுந்து கிடக்கும் இப்போது விட்டால் இந்த ஜென்மத்தில் கிடைக்காது. அது தெரிந்துதான் வந்திருந்தாள்.

உள்ளே வீட்டுக்காரரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். வங்கிக்காரர்கள் கழுத்தை நெரிக்கிறார்கள். "வாங்க, வாங்க" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்தார்.

தையல்காரியின் புருஷன் ஆரம்பித்தான். வீட்டில் ஒரு ஆணி அடிக்கத் துப்பில்லாதவன், இங்கே பெரிய கொத்தனார் மாதிரி சுவரைத் தட்டினான். "ஓதம் ஏறியிருக்கே!" குளியலறைக்குள் தலையை விட்டு மூக்கைப் பொத்திக்கொண்டான். "என்னங்க இப்படி நாறுது?" புரோக்கர் ஒத்து ஊதினான். சாப்பிடுகிறவர்கள் முன்னால் பேசுகிற பேச்சா இது? சின்னப் பிள்ளை தட்டைவிட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. இவனோடா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினோம் என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

காணச் சகிக்காமல் படுக்கையறைக்குள் போனாள். நல்ல அகலமான ஜன்னல். அதன் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"அந்த முனைய நான் பிடிக்கட்டுமா?"

வீட்டுக்காரரின் மனைவி பின்னால் நின்றிருந்தாள். தன் கையில் இஞ்ச் டேப் விரிந்திருப்பதைத் தையல்காரி அப்போதுதான் பார்த்தாள். கைப்பையிலிருந்து எப்போது எடுத்தாளோ! அந்தம்மா சாப்பிட்ட கையை மடக்கி வைத்துக்கொண்டு, இடது கையால் டேப்பின் முனையை ஜன்னல் ஓரத்தில் அழுத்திப் பிடித்தாள்.

"திரைய வேணா விட்டுட்டுப் போறோம். இந்த ஜன்னலுக்குன்னே தெச்சது. வேற எங்கயும் சேராது."

தையல்காரி டேப்பைச் சுருட்டினாள். தன் கையே தனக்கு அசிங்கமாக இருந்தது.

படியிறங்கும்போது புரோக்கர் பல்லைக் காட்டினான். "இன்னும் ஒரே ஒரு தடவை இதே மாதிரி வந்தோம்னா, நாம சொல்ற விலைக்கு இறங்கிடுவாங்க."

"நீ என்ன சொல்ற?" என்றான் புருஷன்.

அவங்க கேட்டதையே குடுத்துடலாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஜன்னலின் அளவு மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை.

"எப்ப வரணும்? மத்தியானச் சாப்பாட்டுக்கா, ராத்திரிச் சாப்பாட்டுக்கா?" என்று கேட்டாள்.